நுனி பொசுக்கிய கேபிள் டை

அத்தியாயம் 9

"மூணு மணிக்குள்ள ஒரு நல்ல மனுஷன் தன் வாயாலயே பொய் சொல்லி ஜெயிலுக்குப் போகப் போறார். இப்ப மணி பத்தே கால். நடுவுல ஒரு டோனட் சாப்பிட நேரம் இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க, சார்ஜென்ட்" என்றான் ஹார்லன் பிக்கெட்.

டோலரஸ் வ்ராபெல் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே நிறுத்திய பிக்கப் வண்டியில் உட்கார்ந்து, கையிலிருந்த ஒற்றைக் காகிதத்தை நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவள் போலீஸ் வேலையை விட்டு இரண்டரை வருஷம் ஆகிவிட்டது. இப்போது ஆல்டர்வில்லில் வக்கீல்களுக்காகத் துப்பறிகிறாள். ஹார்லனுக்கு மட்டும் அவள் இன்னும் சார்ஜென்ட். அவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். ரூட்டைக் குறைத்து வீட்டுக்கு அனுப்பியதும் இவளிடம் உதவியாளனாக ஒட்டிக்கொண்டான். அறுபது பிள்ளைகளை ஒரே நேரத்தில் அடக்கிய வாய், இன்னும் அடங்கவில்லை.

அவன் சார்ஜென்ட் என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு எங்கோ சுருக்கென்று குத்தும். அது ஹார்லனுக்குத் தெரியாது. அவளும் சொன்னதில்லை.

நல்ல மனுஷன் என்று அவன் சொன்னது ஓட்டிஸ் கிரேபிலை. வயது அறுபத்தெட்டு. முப்பது வருஷம் லேத் மெஷினில் நின்றவர். தினமும் காலையில் இடுப்பில் ரிவால்வரோடு மெயின் ஸ்ட்ரீட்டில் இரண்டு மைல் நடப்பார். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. துப்பாக்கி வெளியே தெரிகிறது என்பதற்காக மட்டும் போலீஸ் ஒருவரை நிறுத்தவும் முடியாது. அது ஓட்டிஸுக்கு மனப்பாடம்.

போன திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு யாரோ அவசர எண்ணுக்கு போன் செய்து, அவர் துப்பாக்கியை உருவி ஜனங்களை மிரட்டுவதாகச் சொன்னார்கள். இரண்டு ரோந்து வண்டிகள் பறந்து வந்தன. போலீஸ்காரர் ஒருவர் அவர் இடுப்பிலிருந்து ரிவால்வரை இழுத்தார். உறையின் பூட்டு விடவில்லை. கிழவர்தான் இறுக்கிப் பிடிக்கிறார் என்று நினைத்து அவரைத் தரையில் சாய்த்தார்கள். தோள்பட்டை எலும்பு முறிந்தது. அதோடு மிரட்டல் வழக்கும் போட்டார்கள்.

இன்று மூன்று மணிக்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டால் முப்பது நாள் சிறை. மறுத்து, வழக்கில் தோற்றால் மாதக்கணக்கில். நேற்று சாயங்காலம் ஓட்டிஸ் தன் வக்கீலிடம், "எழுதிக்குங்க. எடுத்துத்தான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டார். வலி மாத்திரையின் வேலை என்று டோலரஸ் நினைத்தாள். வக்கீலுக்கு இருந்த ஒரே நம்பிக்கை, போன் செய்தது யார் என்று இவள் கண்டுபிடிப்பது.

"போன் பண்ணது லைப்ரரி வாசல்ல இருக்கிற பொதுப் போன்ல இருந்து. காமிரா கிடையாது. அங்க போய் எதைத் திருடப் போறாங்க, கவிதைப் புத்தகத்தையா? ஆக, எங்கிட்ட இருக்கிற சந்தேகப்பட்டியல்ல இந்த ஊர் ஜனத்தொகை மொத்தமும் இருக்கு. எங்க மாமியாரைத் தவிர. அவங்க பேச ஆரம்பிச்சா அரை நிமிஷத்துல போனை வைக்கவே மாட்டாங்க" என்றான் ஹார்லன்.

டோலரஸ் காகிதத்தை அவனிடம் நீட்டினாள். போனில் பேசியதை எழுத்தாக அடித்துக் கொடுத்திருந்தார்கள். ஒலிப்பதிவு அடுத்த வாரம்தான் கிடைக்குமாம்.

"சத்தமா படி."

ஹார்லன் படித்தான். "'பேக்கரி வாசல்ல ஒருத்தர். துப்பாக்கி உறையில இல்ல, கையில இருக்கு. ஆட்களைப் பார்த்து நீட்டறார். ஹேமரை இழுத்துட்டார், சத்தம் கேட்டுது.' அப்புறம் இந்தப் பக்கத்துல இருந்து, 'உங்க பேர் என்ன?' அவ்வளவுதான். கட். தந்தி மாதிரி இருக்கு."

"போன் எடுத்தவங்க கேள்வி எங்க?"

"கேள்வியே இல்லையே."

"அதான். கேக்கறதுக்கு முன்னாடியே மூணு பதில். உறையிலயா கையிலயா, யாரையாவது குறி பாக்கறாரா, சுடறதுக்குத் தயாரா பின்னால இருக்கிற ஹேமரை இழுத்தாரா. வரிசை மாறாம." டோலரஸ் பையிலிருந்து விசிட்டிங் கார்டு அளவில் ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். "பின்பக்கம் பாரு."

அட்டையின் முன்பக்கத்தில், போலீஸ் உங்கள் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் என்ன செய்வது என்று நாலு வரி இருந்தது. கையை இடுப்புக்குக் கொண்டு போகாதீர்கள். 'என்னைத் தடுத்து வைத்திருக்கிறீர்களா, நான் போகலாமா?' என்று கேளுங்கள். சோதனைக்குச் சம்மதம் இல்லை என்பதை வாயால் சொல்லுங்கள், உடம்பால் காட்டாதீர்கள். வாதாடுவதைக் கோர்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள், தெருவில் வேண்டாம். பின்பக்கத்தில் அவசர எண்காரர்கள் கேட்கும் மூன்று கேள்விகள் இருந்தன. அடியில், டோலரஸ் வ்ராபெல், வியாழக்கிழமை வகுப்பு, ஆல்டர்வில் லைப்ரரி.

ஹார்லன் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "உங்க வகுப்புல யாரோ ஒருத்தர்."

"பன்னெண்டு பேர்ல ஒருத்தர். 'நம்ம ஊர்ல ஒருத்தர் துப்பாக்கி வச்சிருக்கார்னு மட்டும் சொன்னா வண்டி வராது, இந்த மூணுக்கும் ஆமான்னு சொன்னாத்தான் வரும்'னு நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தர் எழுதி வச்சுக்கிட்டாங்க."

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. அந்த வகுப்பையே அவள் ஒரு பாவத்தைக் கழுவத்தான் ஆரம்பித்தாள்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய அக்டோபர் அது. மருந்துக்கடை வாசலில் இதே ஓட்டிஸை, இதே ரிவால்வருக்காக, சீருடையில் இருந்த டோலரஸ் நிறுத்தினாள். அவர் அமைதியாக, "என்னைத் தடுத்து வச்சிருக்கீங்களா, நான் போகலாமா?" என்று கேட்டார். "வாயை மூடு, கையைத் தூக்கு" என்றாள் அவள். குளிரில் நாற்பது நிமிஷம் விலங்கோடு நிற்க வைத்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் அவர் புகார் கொடுக்க வரவில்லை. சட்டத்தின் பிரதியைப் பென்சிலால் அடிக்கோடு போட்டு எடுத்து வந்து அவள் மேஜையில் வைத்துவிட்டு, தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அவர் கத்தியிருந்தால் அவளுக்கு இத்தனை வலித்திருக்காது. அவள் வகுப்பு தொடங்கியபோது முதலில் பெயரைப் பதிந்தவரும் அவர்தான்.

"வா" என்று கதவைத் திறந்தாள் டோலரஸ். "அவங்க பறிமுதல் பண்ணதை எல்லாம் பார்க்க வக்கீல் அனுமதி வாங்கியிருக்கார்."

"டோனட்?"

"உள்ள போலீஸ்காரங்க இருக்காங்க, டோனட் இல்லாம இருக்க மாட்டாங்க. கிடைக்கும்."

*

பொருள்களைப் பாதுகாக்கும் அறையில் இருந்த ராய்ஸ், டோலரஸோடு ஒன்றாக வேலை பார்த்தவன். அவளைப் பார்த்ததும் கம்பிவலைக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றான்.

"சார்ஜென்ட்! இந்தப் பக்கமே வர்றதில்லை!"

"நான் இப்ப சார்ஜென்ட் இல்ல, ராய்ஸ்."

"அவங்க சார்ஜென்ட் இல்ல, நான் அசிஸ்டென்ட் இல்ல, ரெண்டு பேரும் சும்மா ஊர் சுத்தறோம்" என்றான் ஹார்லன். "அந்த டோனட் டப்பா மேல ஏதாவது கேஸ் இருக்கா?"

ராய்ஸ் டப்பாவை அவன் பக்கம் நகர்த்திவிட்டுப் பட்டியலோடு பைகளையும் எடுத்து வந்தான். ஒன்று, ரிவால்வர். இரண்டு, தோட்டா ஆறு. மூன்று, கட்டைவிரலால் அழுத்தினால்தான் விடும் பூட்டு வைத்த தோல் உறை. நான்கு, பெல்ட். ஐந்து, பர்ஸ். ஆறு, அட்டை ஒன்று. டோலரஸின் அட்டை. மடங்கி, ஓரத்தில் காய்ந்த ரத்தக் கறையோடு இருந்தது. அவள் அதை அதிக நேரம் பார்க்கவில்லை.

"ஏழாவது?" என்று கேட்டாள். "'பிளாஸ்டிக் பட்டை ஒன்று, வெட்டப்பட்டது'னு போட்டிருக்கே."

"அதுவா? குப்பை." ராய்ஸ் ஒரு சின்னப் பையைத் தூக்கிக் காட்டினான். ஒயர்களைச் சேர்த்துக் கட்டுகிற மஞ்சள் நிற கேபிள் டை, ஓரிடத்தில் வெட்டுப்பட்டு உள்ளே சுருண்டு கிடந்தது. "ட்ரிக்கருக்குப் பின்னால போட்டு இறுக்கியிருந்துச்சு. உள்ள வர்ற துப்பாக்கி வேலை செய்யுதான்னு பார்க்கணுமே, விதி. இது இருந்தா ட்ரிக்கர் அசையல. அதான் வெட்டினேன்."

ஹார்லனின் டோனட் வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

"ராய்ஸ்" என்றாள் டோலரஸ் மெதுவாக. "இது இருக்கும்போது ஹேமரை இழுக்க முடியுமா?"

"எப்படி முடியும்? ஹேமரை இழுத்தா ட்ரிக்கரும் கூடவே பின்னால வரணுமில்ல? கட்டிப் போட்டிருக்கே."

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"எழுதித்தான் வச்சேன். யாரும் கேக்கல." ராய்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ. போன் பண்ணவங்க..."

"'ஹேமரை இழுத்துட்டார், சத்தம் கேட்டுது'" என்று ஒப்பித்தான் ஹார்லன். "கேட்டிருக்கும். அவங்க மூளைக்குள்ள. சார்ஜென்ட், நாம ஜெயிச்சுட்டோம்! மணி பதினொண்ணு கூட ஆகல. வக்கீலுக்கு போன் போடுங்க, நான் இன்னொரு டோனட் எடுத்துக்கறேன்."

போன் பொய் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. டோலரஸுக்கு நியாயமாகச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அவள் பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கேபிள் டையின் வால் நுனி கூராக இல்லை. நெருப்பில் காட்டியது போல உருகி, உருண்டையாக, மழமழவென்று இருந்தது.

"ராய்ஸ், நீ இதைத் தீயில காட்டினியா?"

"இங்க தீயா? புகை வந்தா மொத்தக் கூரையும் தண்ணி ஊத்தும்."

*

வண்டிக்குத் திரும்பியதும் ஹார்லன் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு பழைய வேட்டைத் துப்பாக்கியை வெளியே இழுத்தான்.

"இது எங்க தாத்தாவோடது. ஏப்ரல்ல மைதானத்துல துப்பாக்கிச் சந்தை நடந்துச்சே, அங்க விக்கலாம்னு கொண்டு போனேன். எவனும் வாங்கல. வாசல்ல கட்டி விட்ட டை இன்னும் அப்படியே இருக்கு. சோம்பேறித்தனத்துக்கும் ஒரு மரியாதை வேணும். பாருங்க."

சந்தைக்குள் நுழைகிற எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் வாசல் மேஜையில் சோதித்து, சுட முடியாதபடி கேபிள் டை போட்டுத்தான் உள்ளே விடுவார்கள். ஹார்லனுடையதும் மஞ்சள் நிறம்தான். டோலரஸ் அதன் வாலை விரலால் தடவிப் பார்த்தாள். மழமழவென்று, உருண்டையாக இருந்தது.

"இதை யார் கட்டினாங்க?"

"மூணாம் மேஜைல. நான் வேணும்னே அந்த வரிசையில நின்னேன். மத்த மேஜைல சும்மா நறுக்கி விட்டுருவாங்க, நுனி பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும். இவங்க ஒவ்வொண்ணையும் லைட்டர்ல காட்டி, எச்சில் தொட்டு உருட்டி விடுவாங்க. என்னிக்கோ ஒரு நாள் அவங்க வீட்டுக்காரருக்குக் கட்டைவிரல் கிழிஞ்சு போச்சாம். அன்னிலேருந்து இருபது வருஷமா இப்படித்தான்னு சொன்னாங்க..." ஹார்லனின் குரல் தேய்ந்தது. "சார்ஜென்ட். மூணாம் மேஜை வெர்னாவோடது. வெர்னா கிரேபில்."

"ஓட்டிஸோட மனைவி."

"அப்ப சரியாப் போச்சே! அவர் ஏப்ரல்ல சந்தைக்குப் போனார், பொண்டாட்டி கட்டி விட்டாங்க, அவுக்க மறந்துட்டார். என்னை மாதிரி."

"ஓட்டிஸ் உன்னை மாதிரியா? ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் கிளப்புக்குப் போய் அந்த ரிவால்வர்லதான் சுட்டுப் பழகறார். அவரைப் பிடிக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, சனிக்கிழமை, நானும் பக்கத்துல நின்னேன். டை இருந்தா எப்படிச் சுட்டிருப்பார்?"

ஹார்லன் விரல் விட்டு எண்ணினான். "சனிக்கிழமை சுட்டார். திங்கட்கிழமை காலையில பிடிச்சாங்க. அப்ப ஞாயித்துக்கிழமை..."

"ஞாயித்துக்கிழமை வீட்டுல வச்சு யாரோ கட்டியிருக்காங்க. நுனியைப் பொசுக்கி."

"வகுப்புல வெர்னா இருந்தாங்களா?"

"கடைசி வரிசையில. வாராவாரம் எலுமிச்சை கேக் கொண்டு வருவாங்க. குறுக்கெழுத்துப் போட்டுக்கிட்டே உக்காந்திருப்பாங்க. பேனாவும் கையுமா" என்றாள் டோலரஸ்.

ஹார்லன் வண்டியைக் கிளப்பினான். நாலு தெரு தாண்டியதும், "எனக்கு இந்தக் கேஸ் பதினொரு மணிக்கே முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றான்.

*

வெர்னா கதவைத் திறந்தாள். சின்ன உருவம், நரைத்த தலையை இறுக்கிக் கட்டியிருந்தாள். சமையலறையில் கேக் வாசனை இல்லை. அடுப்பே பற்ற வைத்ததாகத் தெரியவில்லை.

"உள்ள வா, கண்ணு. அவர் படுத்திருக்கார். மாத்திரை போட்டா தூங்கிடறார்."

டோலரஸ் உட்காரவில்லை. "வெர்னா, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் ஓட்டிஸோட வக்கீலுக்குத்தான் வேலை செய்யறேன், உங்களுக்கு இல்ல. நீங்க எங்கிட்ட என்ன சொன்னாலும் நான் அவர்கிட்ட சொல்லியாகணும். நீங்க ஒரு வார்த்தை பேசணும்னு அவசியமே இல்ல. இப்பவே போங்கன்னு சொன்னா போயிருவோம். உங்களுக்குன்னு ஒரு வக்கீல் வச்சுக்கிட்டுப் பேசறதுதான் நல்லது."

"இதெல்லாம் வகுப்புல சொன்னதுதானே" என்றாள் வெர்னா. "நல்லாத்தான் சொல்லிக் குடுத்தே." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மேஜை மேலிருந்த சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தி, திரும்ப இருந்த இடத்திலேயே வைத்தாள். "நுனியைப் பார்த்துட்டியா?"

"பார்த்தேன்."

"கை பழகிப் போச்சு. கட்டினதும் லைட்டர் தானா கைக்கு வந்துடுச்சு. அவர் விரல் கிழியக் கூடாதுன்னு." அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "யோசிச்சுப் பாரு. என்ன காரியம் பண்ணப் போறேன், எதைப் பத்திக் கவலைப்படறேன்."

ஹார்லன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான்.

"ஆகஸ்ட்ல ஒரு நாள் பட்டப்பகல்ல, துவைச்ச துணியை எடுத்துக்கிட்டுக் கீழ்த்தளத்துல இருந்து மேல வரேன். வராந்தாவுல நிக்கறார். துப்பாக்கி கையில. என்னைப் பார்த்து நீட்டி, 'யார் நீ?'ங்கறார். நாப்பத்தொரு வருஷம் ஆச்சு எங்களுக்குக் கல்யாணமாகி. 'யார் நீ, எப்படி உள்ள வந்தே?' நான் அசையாம நின்னேன். உன் வகுப்புல சொன்ன மாதிரி கையைத் தெரியற மாதிரி வச்சுக்கிட்டு. கொஞ்ச நேரம் கழிச்சு, 'மதியத்துக்கு என்ன?'ன்னு கேட்டுட்டு உறையில போட்டுட்டார்."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, வெர்னா. டாக்டர்கிட்ட..."

"சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும். ஓட்டிஸ் கிரேபிலுக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னு கிளப்புல பேசுவாங்க. ஒளிச்சு வச்சா திருடன் வந்துட்டான்னு வீட்டைத் தலைகீழாப் புரட்டுவார். போலீஸ் எடுத்துக்கிட்டா அவருக்குப் புரியும். சட்டம்னா அவருக்கு மரியாதை. கோர்ட், காகிதம்னு நாளாகும், அதுக்குள்ள மெல்ல மறந்துடுவார்னு நினைச்சேன். ஆனா சும்மா இடுப்புல இருக்குன்னு சொன்னா நீங்க வர மாட்டீங்க. மூணு கேள்விக்கும் ஆமான்னு சொல்லணும்."

டோலரஸின் விரல்கள் நாற்காலி முதுகை இறுகப் பிடித்தன.

"சுட முடியாதபடி கட்டிட்டேன். அவரால யாருக்கும் ஆபத்து இல்லைன்னா யாராலயும் அவருக்கு ஆபத்து இல்லைன்னு நினைச்சேன், கண்ணு."

"கட்டியிருக்குன்னு வர்றவங்களுக்குத் தெரியாதே."

"ஆமா. அது எனக்குத் தோணவே இல்ல. இருபது வருஷமா நான் கட்டி விட்டா, அந்தச் சந்தைக்குள்ள எல்லாரும் நிம்மதியா நடப்பாங்க."

அவள் சர்க்கரைக் கிண்ணத்தை மறுபடியும் நகர்த்தினாள்.

"நான் எனக்குள்ள ஒரு பந்தயம் வச்சுக்கிட்டேன்" என்றாள் வெர்னா. "தினம் காலையில கிளம்பறதுக்கு முன்னாடி துப்பாக்கியைத் திறந்து ஆறு தோட்டாவையும் எண்ணி மூடுவார். ஒரு நாள் தவறினதில்ல. அவர் மட்டும் அந்த டையைப் பார்த்துட்டா, 'வெர்னா, என்ன இது?'ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டா, நான் போன் பண்ண மாட்டேன்னு. அவர் எடுத்தார். திறந்தார். ஒண்ணு, ரெண்டுன்னு ஆறும் எண்ணினார். மஞ்சள் டை அவர் விரலுக்கு அடியிலயே இருந்துச்சு. மூடினார். எனக்கு முத்தம் குடுத்துட்டுப் போயிட்டார்."

டோலரஸுக்கு நேற்றைய வார்த்தை ஞாபகம் வந்தது. எடுத்துத்தான் இருப்பேன். அது மாத்திரை பேசிய பேச்சு இல்லை. தன்னையே நம்ப முடியாத ஒரு மனிதர், மற்றவர்கள் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போடத் தயாராகியிருக்கிறார். அது தெரியாமல் அவள் ஒரு ராத்திரி முழுக்க நிம்மதியாகத் தூங்கியிருந்தாள்.

"போன் பண்ணிட்டு, பேக்கரிக்கு எதிர்ல இருக்கிற லைப்ரரிக்குள்ள போய்க் கண்ணாடி வழியா பார்த்துக்கிட்டே நின்னேன்" என்றாள் வெர்னா. "அவர் எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சார். கையை அசைக்கல. கேக்க வேண்டியதைக் கேட்டார். வகுப்புல நீதானே போலீஸா நடிப்பே? 'ஐயா, வணக்கம், உங்ககூட ஒரு நிமிஷம் பேசலாமா'ன்னு எவ்வளவு பணிவா கேட்பே. அப்படித்தான் கேட்பாங்கன்னு நினைச்சேன்."

டோலரஸால் தலை நிமிர முடியவில்லை. எட்டு மாதமாக, வாராவாரம், லைப்ரரியின் நடுவில் நின்று அவள் நல்ல போலீஸாக நடித்திருக்கிறாள். மருந்துக்கடை வாசலில் தான் எப்படி நடந்துகொண்டாள் என்று ஒரு வியாழக்கிழமை கூட நடித்துக் காட்டவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதனால் மறைத்தாள். அந்த வெட்கத்தின் விலையை ஓட்டிஸின் தோள் கொடுத்துவிட்டது.

"தப்பு உங்க மேல மட்டும் இல்ல, வெர்னா" என்றாள்.

"மணி பன்னெண்டு ஆயிடுச்சு" என்றான் ஹார்லன் சன்னமாக.

"அந்த டை இருக்கே, அது போதும்" என்றாள் டோலரஸ். "போன் பொய்னு நிரூபிக்க அது போதும். யார் பண்ணாங்கன்னு..." பாதியில் நிறுத்தினாள். டை எங்கிருந்து வந்தது என்று அரசு வக்கீல் கேட்காமல் விடமாட்டார். ஓட்டிஸிடமும் கேட்பார், எல்லோர் முன்னாலும். இடுப்பில் கட்டிப்போட்ட துப்பாக்கியோடு நடந்தது தனக்கே தெரியாது என்று அவர் வாயால் சொல்ல வேண்டி வரும்.

வெர்னாவுக்கும் அது புரிந்துவிட்டது. "என் பேரைச் சொன்னா?"

"உங்க மேல வழக்கு வரும். பொய் போன் பண்ணதுக்கு. அவரை யாரும் ஒரு கேள்வியும் கேக்க வேண்டியிருக்காது."

உள்ளறைக் கதவு கிரீச்சிட்டது.

ஓட்டிஸ் வாசலில் நின்றார். வலது கை கழுத்தில் மாட்டிய துணிக்கட்டில் தொங்கியது, சட்டையின் ஒரு பக்கம் மட்டும் மாட்டியிருந்தது. தூக்கம் கலையாத கண்களால் ஹார்லனைப் பார்த்தார், பிறகு டோலரஸைப் பார்த்தார். அவர் உடம்பு விறைத்தது. நல்ல கையை இடுப்பிலிருந்து விலக்கி, விரல்களை விரித்து, எல்லோருக்கும் தெரியும்படி நீட்டினார்.

"சார்ஜென்ட்" என்றார் அமைதியாக. "என்னைத் தடுத்து வச்சிருக்கீங்களா, நான் போகலாமா?"

டோலரஸ் நின்ற இடத்திலேயே நின்றாள். அவர் எந்த நாளில் நிற்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. மருந்துக்கடை வாசல், அக்டோபர், குளிர். அன்று அவள் சொல்ல வேண்டிய பதில் இரண்டே வார்த்தைதான்.

"நீங்க போகலாம், மிஸ்டர் கிரேபில்" என்றாள். "உங்களை நிறுத்தினதே தப்பு. எனக்கு அந்த உரிமை இல்ல. என்னை மன்னிச்சிருங்க."

"நன்றி, சார்ஜென்ட்" என்று தலையசைத்தார் ஓட்டிஸ்.

கையைக் கீழே இறக்கினார். வாசல் கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். ஓரடி எடுத்து வைத்து நின்றுவிட்டார். மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினார்.

"போகலாம்னு சொல்லிட்டாங்க, வெர்னா" என்றார். "எங்க போகணும்?"

வெர்னா எழுந்தாள். ஆணியில் தொங்கிய அவர் கோட்டை எடுத்து, முறிந்த தோளில் படாமல் போர்த்தி விட்டாள்.

"கோர்ட்டுக்கு" என்றாள். "நான் அங்க ஒண்ணு சொல்லணும். நீங்க என் பக்கத்துல உக்காந்திருங்க, போதும்."